அலைன்மெண்ட் பேப்பரில் எல்லாம் பச்சை, டயர் மட்டும் மொட்டை

ராசிபுரம் பக்கத்தில் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன்.

"அண்ணா, என்னுடையது ஈகோ வேன், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முகூர்த்த நாட்களில் அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை, நாலைந்து ஆள் என்று முழு லோடு, மற்ற நாட்களில் காலி. மாதம் இரண்டு தடவையாவது கொல்லிமலை போய்வருவேன். முன்பக்கம் இரண்டு டயரும் புதிதாகப் போட்டு 13,000 கிலோமீட்டர்தான் ஆகிறது. போன வாரம் பஞ்சர் ஒட்டக் கழற்றும்போது பார்த்தால் இடது முன் டயர் உள்பக்கம் மொட்டை, ஓரத்தில் கம்பியே தெரிகிறது. வெளிப்பக்கம் பட்டன் புதுசு மாதிரி நிற்கிறது. வலது டயரிலும் உள்பக்கம் கொஞ்சம் தேய்மானம். துடைக்கும்போது ரம்பம் மாதிரி கையைக் கீறுகிறது. இதற்குள் இரண்டு முறை அலைன்மெண்ட் பார்த்தாயிற்று, இரண்டு பேப்பரிலும் எல்லாம் பச்சை, சக்கரக் கோணம் எல்லாம் சரி என்று. ஸ்டீயரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. டயர் கடைக்காரர் மலை ஏறுவதால்தான் என்கிறார், மெக்கானிக் டயரே மட்டம் என்கிறார். பின்னால் இரண்டு டயரும் நடுவில் தேய்கிறது. லோடு ஏற்றுவதால் பின்னால் 45 காற்று வைக்கிறேன். புது டயர் வாங்கலாமா, என்ன செய்யலாம்?"

டயர் கம்பெனியின் பெயரையும் எழுதியிருந்தார், அதை எடுத்துவிட்டேன். அந்த டயர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதுதான் காரணம்.

தம்பி, முதலில் ஒரு வேலை. இதைப் படித்து முடிப்பதற்குள்கூட அல்ல, இப்போதே எழுந்துபோய் அந்த இடது டயரைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டுங்கள். கம்பி தெரிகிறது என்றால் மேல் ரப்பர் முழுக்கப் போய் உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அது தார் ரோட்டில் உரசி, மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் முழு லோடில் எழுபதில் போகும்போது பட்டென்று போகும். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. பின்னால் அண்டாவோடு ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டெப்னியும் பழசு என்றால் அதன் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019-இல் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும், வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்ட ஸ்டெப்னியை நம்பி லோடு ஏற்றாதீர்கள்.

சரி, மாட்டியாயிற்றா? இப்போது விஷயத்துக்கு வருவோம்.

மலை ஏறுவதால் தேய்கிறது என்று டயர் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை, ஆனால் உங்கள் டயருக்குப் பொருந்தாத பாதி. காரவள்ளியில் ஆரம்பித்து மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன் டயர் தன் வெளித்தோளில்தான் உருண்டு திரும்பும். மலை வண்டிகளில் இரண்டு முன் டயரிலும் வெளி ஓரம் உருண்டையாகத் தேய்ந்திருப்பதைப் பார்க்கலாம். அது கோளாறு இல்லை, செய்கிற வேலைக்குக் கொடுக்கிற கூலி. உங்களுக்கோ உள் ஓரம் போயிருக்கிறது. மலையைக் குறை சொல்ல வழியில்லை. உண்மையில் அந்த மலைப் பயணம்தான் வெளி ஓரத்தையும் கொஞ்சம் தேய்த்து, உள் ஓரத்தின் கதையைச் சற்றே மறைத்து வைத்திருக்கும்.

மெக்கானிக் சொன்ன "மட்டமான டயர்" கதையும் நிற்காது. மட்டமான ரப்பர் என்றால் முழு அகலத்துக்கும் சீக்கிரம் தேயும். உள்பக்கம் மட்டும் மட்டமாகவும் வெளிப்பக்கம் உயர்ந்த தரமாகவும் ஒரே டயரை யாரும் வார்ப்பதில்லை.

இனி அந்த ரம்பம். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான், ஏனென்றால் பாதி வைத்தியத்தை அது சொல்லிவிட்டது. கழற்றிய டயரை நிமிர்த்தி வைத்து, உள்ளங்கையைப் பட்டன்மேல் அழுத்தாமல் வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக ஒருமுறை தடவுங்கள், அப்புறம் உள்ளிருந்து வெளியே ஒருமுறை. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்துக்குக் கை போக வேண்டாம், கிழித்துவிடும். ஒரு திசையில் வழவழவென்று போய் எதிர்த் திசையில் கீறினால் அது டோ கோளாறு, மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக நிற்காமல் கோணலாகத் திரும்பியிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வரும்போது கீறினால் டோ-அவுட், அதாவது இரண்டு முன் சக்கரமும் மூக்கை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு ஓடுகின்றன. உள்ளிருந்து வெளியே போகும்போது கீறினால் டோ-இன், மூக்கு உள்பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு திசையிலும் வழவழப்பாக, ஆனால் பலகையை இழைத்த மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தால் அது கேம்பர், சக்கரம் தலைசாய்ந்து நிற்கிறது என்று பொருள். உங்களுடையது இரண்டு டயரிலும் உள்பக்கத் தேய்மானம், கூடவே ரம்பம். வெளியிலிருந்து உள்ளே வரும்போதுதான் கீறும் என்று பந்தயம் கட்டுவேன். தடவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டோ எவ்வளவு பிசகினால் இவ்வளவு சேதம் என்று கேட்பீர்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டே மில்லிமீட்டர் என்று வையுங்கள். உங்கள் டயரின் குறுக்களவு அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்த நீளத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் கோணல் என்றால், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது டயர் பக்கவாட்டில் மூன்றரை மீட்டருக்கு மேல் இழுபடுகிறது. 13,000 கிலோமீட்டருக்குப் பெருக்கினால் 45 கிலோமீட்டருக்குக் குறையாது, ஏறக்குறைய சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் டயரைக் குறுக்காகப் போட்டுத் தரையில் தேய்த்துக்கொண்டு போன கணக்கு. ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் அத்தனையும் தேய்ப்பாகிவிடாது. ஆனாலும் தார் ரோடு உப்புத்தாள் மாதிரி என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்டீயரிங் இழுக்கவில்லையே என்கிறீர்கள். இழுக்காது. டோ கெட்டால் இரண்டு முன் சக்கரமும் அந்தக் கோணலைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு, ஒன்று இடப்பக்கம் தள்ள இன்னொன்று வலப்பக்கம் தள்ள, வண்டி நேராகத்தான் போகும். டயர் சத்தமில்லாமல் சாகிறது அப்படித்தான். வண்டி இழுக்கிறது என்பவர்கள் உடனே ஓடிவந்துவிடுவார்கள், இழுக்காத வண்டிக்காரர்கள்தான் டயர் மொட்டையான பிறகு வருகிறார்கள்.

அப்படியானால் பேப்பர் ஏன் பச்சையாக வந்தது? கடைக்காரர் ஏமாற்றினாரா? இல்லை, அனேகமாக அவர் சரியாகத்தான் பார்த்திருப்பார். அந்த மெஷின் பார்க்கிற வண்டி வேறு, ரோட்டில் ஓடுகிற வண்டி வேறு, அவ்வளவுதான். கேமரா வைத்த 3டி மெஷினாக இருந்தாலும் அது அளப்பது காலியாக, மேடைமேல், பிரேக் பெடலுக்கு முட்டு கொடுத்து, ஸ்டீயரிங்கைப் பூட்டிச் சும்மா நிற்கிற வண்டியை. உங்கள் டயர் தேய்வதோ லோடு ஏற்றி, பள்ளத்தில் இறங்கி, பிரேக் அடித்து ஓடும்போது. நடுவில் ஏதாவது ஒரு ரப்பர் புஷ் (இணைப்புகளில் அடைத்திருக்கும் ரப்பர் உறை) செத்துப்போயிருந்தால் நிற்கும்போது சக்கரம் நல்ல பிள்ளையாக நிற்கும், ஓட ஆரம்பித்ததும் பின்னால் தள்ளிக்கொண்டு போய் வாயைத் திறக்கும். அதுவும் ஈகோவில் இஞ்சின் ஓட்டுவது பின் சக்கரத்தை. பின்னாலிருந்து தள்ள, முன் சக்கரங்களை ரோடு எதிர்த்துப் பிடிக்க, முன்பக்கம் எங்கே லூஸ் இருந்தாலும் அது டோ-அவுட்டாகத்தான் போகப் பார்க்கும். பிரேக் அடித்தால் இன்னும் கூடும்.

இதில் நானும் யோக்கியன் இல்லை. கடை வைத்த புதிதில் கல்யாண மண்டபத்துக்குப் பூ ஏற்றும் வேன் ஒன்று ஒரே வருஷத்தில் மூன்று தடவை வந்தது. முதல் இரண்டு தடவையும் நான் மெஷினில் ஏற்றி, சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடைத் திருகி, பச்சை வரவைத்து, காசு வாங்கி அனுப்பிவிட்டேன். மூன்றாம் தடவை அந்த மனிதர் ஒன்றும் பேசவில்லை, தேய்ந்த டயரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் குழியில் இறங்கினேன். பையனை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, வண்டியை ஓரடி முன்னால் நகர்த்திப் பிரேக்கை அமுக்கச் சொன்னேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் சேஸோடு சேரும் இடத்தில் புஷ் ரப்பர் கிழிந்து கறுப்புத் தூளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பையன் ஒவ்வொரு தடவை பிரேக் அமுக்கும்போதும் ஆர்ம் கட்டைவிரல் பருமனுக்குப் பின்னால் போய் முன்னால் வந்தது. மெஷின்மேல் நிற்கும்போது அது அசையவே இல்லை, அதனால் பேப்பரும் பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்க்காமல் எந்த வேனையும் மெஷினில் ஏற்றுவதில்லை.

உங்கள் வண்டியிலும் இடது பக்கம் ஆர்ம் புஷ், இல்லையென்றால் ஆர்ம் சக்கரப் பக்கம் சேரும் குண்டு மூட்டான பால் ஜாயிண்ட், இல்லையென்றால் டை ராடின் முனையான டை ராட் எண்ட் என்று சந்தேகப்படுகிறேன். ஏன் இடது பக்கம் அதிகம்? நம் ஊரில் இடது ஓரமாகத்தானே ஓட்டுகிறோம். தார் முடிந்து மண் ஆரம்பிக்கும் இடத்தில் சாண் உயரத்துக்குப் படி மாதிரி இருக்கும், எதிரே பஸ் வந்தால் இடது சக்கரம்தான் அதில் இறங்கி ஏறும். தண்ணீர் வடிவதற்காக ரோடே இடப்பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள், பள்ளமும் அந்த ஓரத்தில்தான் விழும். அதோடு அண்டாக்களை எந்தப் பக்கம் அடுக்குகிறீர்கள் என்று பாருங்கள். இடது கதவு வழியாக ஏற்றி இடப்பக்கமே நிறுத்திவிடுவது எல்லோரும் செய்வதுதான்.

வீட்டிலேயே பார்க்க முடிகிற அளவுக்குச் சொல்கிறேன். சமமான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, முன்பக்கம் சேஸில் ஜாக்கி கொடுத்து இடது சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டோ கட்டையோ கீழே கொடுங்கள், அடியில் தலையை விடவே விடாதீர்கள். இப்போது டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். பிரேக் மிதித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட் பக்கம் பார்க்க வேண்டும். அப்புறம் கையை டயரின் முன்பக்கமும் பின்பக்கமும் வைத்து ஆட்டுங்கள். அந்தத் திசையில் மட்டும் லூஸ் என்றால் டை ராட் எண்ட் அல்லது அதன் மறுமுனையில், ஸ்டீயரிங் பக்கம் இருக்கும் ராக் எண்ட். கை வைத்து ஆட்டும்போது பேசாமல் கேளுங்கள், பாதி நேரம் கண்ணுக்குத் தெரியாத லூஸ் காதுக்குத் தெரியும்.

ஆர்ம் புஷ் மட்டும் இந்த ஆட்டத்தில் சரியாகத் தெரியாது, அதற்குக் குழி வேண்டும், லிவர் போட்டு நெம்பிப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் அதை வாய்விட்டுக் கேளுங்கள். "அலைன்மெண்ட் பாருங்கள்" என்று சொன்னால் அலைன்மெண்ட் மட்டும்தான் பார்ப்பார்கள். "ஆர்ம் புஷ்ஷை லிவர் போட்டு ஆட்டிக் காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். புஷ் மாற்ற ஆகும் செலவு ஒரு டயர் விலையில் சின்னப் பங்குதான். இடது பக்கம் போயிருந்தால் வலது பக்கத்தையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், அதுவும் அதே 68,000 ஓடியதுதானே.

இன்னொரு சோதனை இருக்கிறது, இது மெஷினே இல்லாமல் லோடு ஏற்றிய நிலையில் டோ பார்க்கும் வழி, பழைய ஆட்கள் எல்லாம் இப்படித்தான் பார்த்தார்கள். முகூர்த்தத்துக்குக் கிளம்பும் நாளில், முழு லோடு ஏற்றிய பிறகு, சமதளத்தில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்துங்கள். இரண்டு முன் டயரின் பின்பக்கத்திலும், நடுப் பட்டனில், தரையிலிருந்து ஒரே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டேப் வண்டிக்கு அடியில் தடையில்லாமல் போகிற உயரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். அப்புறம் அந்தக் கோடுகள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியைக் கையால் முன்னால் தள்ளி மறுபடி அளங்கள். பின்னால் தள்ளிச் சரி செய்யாதீர்கள், தாண்டிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். முன் அளவு பின் அளவைவிட அதிகமாக இருந்தால் டோ-அவுட். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் டேப் பிடிப்பதிலேயே வரும், அதை விட்டுவிடலாம். நாலைந்து மில்லிமீட்டர் வந்தால், காலி வண்டியில் பச்சை காட்டிய பேப்பரைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு மெக்கானிக்கைப் பாருங்கள்.

லூஸ் எல்லாம் சரி செய்த பிறகுதான் அலைன்மெண்ட், முன்னால் அல்ல. மெஷினில் ஏற்றுவதற்கு முன் நாலு டயரிலும் சரியான காற்று இருக்க வேண்டும், இடது 25 வலது 35 என்று நிற்கும் வண்டியை அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. திருகுவதற்கு முன் வந்த ரீடிங், திருகியதற்குப் பின் வந்த ரீடிங், இரண்டையும் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் இரண்டு பேப்பரும் திருகியதற்குப் பின் எடுத்தவையாகத்தான் இருக்கும். வந்தபோது எவ்வளவு பிசகியிருந்தது என்பதை முதல் ரீடிங்தான் சொல்லும், ஆறு மாதத்துக்குள் அது மறுபடி பிசகியிருந்தால் எங்கோ ஒன்று நகர்கிறது என்று அர்த்தம்.

கேம்பர் சிவப்பில் வந்தால் ஒரு எச்சரிக்கை. முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வைத்த இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் கேம்பரைத் திருகி மாற்ற போல்ட் கிடையாது, திருகுவது டோ மட்டும்தான். கேம்பர் பிசகினால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது: ஸ்ட்ரட், சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிள், ஆர்ம், இவற்றில் ஒன்று. சில இடங்களில் ஜாக்கி கொடுத்து நெட்டி வளைத்துப் பச்சைக்குக் கொண்டுவந்து தருவார்கள். அந்த வேலைக்குச் சம்மதிக்காதீர்கள், வளைந்த பாகத்தை இன்னொரு தடவை வளைத்தால் எந்த நேரத்தில் எங்கே விடும் என்று சொல்ல முடியாது.

இப்போது பின் டயர். இது சுலபம், காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். 45 காற்று வைத்து, மாதத்தில் பாதி நாளுக்கு மேல் காலியாக ஓட்டுகிறீர்கள். காற்று அதிகமான டயர் நடுவில் தொந்தி தள்ளி நிற்கும், தரையில் படுவது அந்தத் தொந்தி மட்டும்தான், அது தேய்கிறது. காலி வண்டியில் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுமே, மழையில் பிரேக் அடித்தால் வழுக்குமே, அதுவும் இதனால்தான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கிறது. அதுதான் கணக்கு, பம்புக்காரர் சொல்வதும் நான் சொல்வதும் கணக்கில்லை. ஸ்டிக்கரில் லோடுக்குத் தனி அளவு இருந்தால் லோடு நாளில் அதை வையுங்கள், இறக்கியதும் குறையுங்கள். சோம்பலாக இருக்கும், தெரியும், ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொண்டால் இரண்டு நிமிஷ வேலை. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் நாலைந்து பாயிண்ட் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்துபோய் நிற்கும். தொய்ந்து ஓடினால் நடு தப்பித்து இரண்டு தோளும் தேயும்.

நைட்ரஜன் போட்டால் சரியாகுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வாராவாரம் கேஜ் வைத்துப் பார்க்கிறவருக்குச் சாதாரணக் காற்று போதும், பார்க்காதவருக்கு நைட்ரஜனும் உதவாது.

டயர் மாற்றிப் போடுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. பின் சக்கரம் ஓட்டுகிற வண்டியில் பின் டயர் இரண்டையும் அதே பக்கத்தில் நேராக முன்னால் கொண்டுவாருங்கள், முன் டயர் இரண்டையும் குறுக்காக மாற்றிப் பின்னால் போடுங்கள். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் குறுக்காக மாற்றக் கூடாது. ஏழெட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை செய்தால் போதும். ஆனால் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் செய்யாதீர்கள்! மொட்டையாகும் டயரைப் பின்னால் தள்ளிவிட்டு நல்ல டயரை முன்னால் கொண்டுவந்தால் அதையும் அதே சக்கரம் தின்னும், அப்புறம் நாலு டயரும் போன பிறகு எது எதனால் தேய்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மாற்றிப் போடுவது வைத்தியம் இல்லை, வைத்தியம் முடிந்த பிறகு சாப்பிடுகிற பத்தியம்.

உங்களுக்கு இல்லாவிட்டாலும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. டயரில் அங்கங்கே குழி குழியாக, அலை மாதிரி மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து, வேகம் கூடக் கூட ஊம் ஊம் என்று முழங்கினால் அது டோ இல்லை, ஷாக் அப்சார்பர் செத்துச் சக்கரம் குதித்துக் குதித்து ஓடுகிறது, இல்லையென்றால் பேலன்ஸ் போயிருக்கிறது. பேரிங் சத்தம் என்று நினைத்து நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சட்டை இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாகத் தேய்ந்திருந்தால், எப்போதோ பிரேக் பிடித்துச் சக்கரம் சுழலாமல் இழுபட்டிருக்கிறது.

கடைசியாக உங்கள் கேள்வி, புது டயர் வாங்கலாமா? வாங்கித்தான் ஆக வேண்டும், முன்னுக்கு இரண்டு, ஒரே கம்பெனி ஒரே பட்டன். ஆனால் புஷ், ஜாயிண்ட் பார்த்துச் சரி செய்யும் அன்றைக்கே வாங்குங்கள், அதுவரை ஸ்டெப்னியை வைத்து உள்ளூருக்குள் மெதுவாக, லோடு இல்லாமல் ஓட்டுங்கள். வலது டயரில் தேய்மானக் குறியைப் பாருங்கள், பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் குட்டி மேடு ஒன்று இருக்கும், டயரின் ஓரத்தில் அதற்கு நேராக முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ என்ற எழுத்தோ போட்டிருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படியும் அதோடு முடிந்தது. உள்பக்கப் பள்ளத்தில் பாருங்கள், வெளிப்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேட்டுக்கு மேல் இன்னும் நன்றாகப் பட்டன் நின்றால் அந்த வலது டயர் ஸ்டெப்னிக்கு ஆகும்.

புது டயர் போட்ட அன்று ஆழம் அளக்கும் கேஜ் ஒன்றால் ஒவ்வொன்றிலும் வெளியே, நடுவே, உள்ளே என்று மூன்று இடத்தில் அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 2,000 கிலோமீட்டர் கழித்து அதே இடங்களில் மறுபடி அளங்கள். மூன்றும் சமமாகக் குறைந்திருந்தால் வேலை முடிந்தது, உள்பக்கம் மட்டும் குறைந்திருந்தால் எதையோ விட்டுவிட்டோம், அந்த எண்களோடு எனக்கு எழுதுங்கள். பஞ்சர் ஒட்டும்வரை காத்திருக்காமல், வண்டி நிறுத்தும்போது வாரத்துக்கு ஒருநாள் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்திவிட்டுக் குனிந்து உள் ஓரத்தைப் பாருங்கள்.

அந்த மொட்டை டயரைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள், வண்டியிலேயே எடுத்துப் போங்கள். மெக்கானிக்கிடமும் அலைன்மெண்ட் கடையிலும் முதலில் அதைக் காட்டித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், பச்சைப் பேப்பரை அப்புறம் எடுக்கலாம்.